திரையில் ஓர் அண்ணன், பக்கத்து வீட்டில் ஒரு தம்பி

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன இரண்டொரு விவரங்களை இதில் சேர்த்திருக்கிறேன்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நான் பேசுவது இரண்டே விஷயம். ஒன்று பராமரிப்புக் கட்டண பாக்கி, இன்னொன்று தண்ணீர் லாரி கணக்கு. வங்கியில் குமாஸ்தாவாகவே இருந்து ஓய்வு பெற்றவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? இந்த முறை செயலாளர், "சார், நம்ம பசங்க எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்காங்க, அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். கொஞ்சம் திட்டுங்கள் என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னார் என்று புரிந்தது. திட்டுவதற்கு ஒத்துக்கொண்டுதான் தயார் செய்ய உட்கார்ந்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க, திட்டு வாங்க வேண்டியவர்கள் பட்டியலில் என் பெயரும் வந்துவிட்டது.

என் தங்கை மகன் பெங்களூருவில் வேலை செய்கிறான். வயது இருபத்தைந்து. விடுதியில் தங்கியிருக்கிறான். போன பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். இரவு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். கண் கலங்கியிருந்தது. என்னடா என்று விசாரித்தால், யூடியூபில் அவன் நான்கு வருடமாகப் பார்த்துவரும் ஒருவர், இனிமேல் வீடியோ போடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டாராம்.

நான் சிரித்துவிட்டேன். "ஏண்டா, அந்த ஆளுக்கு உன்னைத் தெரியுமா?" என்று கேட்டேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் எழுந்து கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தக் கேள்வியை யாராவது என்னிடம், எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இலங்கை வானொலி. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்று அந்த அறிவிப்பாளர்களின் பெயர்கள் நம் வீட்டு மனிதர்களின் பெயர்கள் போல. குரலைக் கேட்டே இன்று அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லுவோம். நேயர் விருப்பத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, நம் பெயரும் ஊரும் எப்போது வரும் என்று காத்திருப்போம். "அரக்கோணத்திலிருந்து" என்று அந்தக் குரல் சொல்லிவிட்டால் தெருவே அதைப் பற்றிப் பேசும். அவர்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. ஆனாலும் ஒருநாள் ஒலிபரப்பு சரியாக எடுக்காவிட்டால் ஏதோ சொந்தக்காரர் வராமல் போனதுபோல் இருக்கும்.

ஆக, தெரியாத ஒருவர்மேல் பாசம் வைப்பது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த பைத்தியம் இல்லை. இதற்குப் பெயர் வைத்தே எழுபது வருடம் ஆகிறது. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர், மனநல மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அப்போதுதான் அங்கே வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்துகொண்டிருந்தது. நிகழ்ச்சி நடத்துபவர் கேமராவை நேராகப் பார்த்து, நம்மோடு தனியாகப் பேசுவதுபோல் பேசுகிறார். பார்ப்பவருக்கு அவர் நண்பராகிவிடுகிறார். ஆனால் பேச்சு ஒரு பக்கம்தான் ஓடுகிறது. இதற்கு அவர்கள் 'பாராசோஷியல்' என்று பெயர் வைத்தார்கள். ஒருதலை உறவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தனிமையில் இருக்கும் ஆண்களுக்காக, முகம் காட்டாத ஒரு பெண் வானொலியில் கொஞ்சலாகப் பேசும் நிகழ்ச்சி ஒன்று அங்கே ஓடியதையும் அந்தக் கட்டுரையிலேயே உதாரணம் காட்டியிருக்கிறார்கள். தனிமையை நம்பி ஒரு தொழில் நடத்தலாம் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

நம் தமிழ்நாட்டுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்ட செய்தி வந்ததும், அவரை ஒருமுறைகூட நேரில் பார்க்காத வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1987 டிசம்பர் 24ஆம் தேதி அவர் மறைந்தபோது என்ன நடந்தது என்பதை நாமே பார்த்தோம். துக்கம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஒருதலை உறவு விளையாட்டு இல்லை என்று அப்போதே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது என்றால் இன்று பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நான் சொல்ல வந்ததே அதைத்தான்.

இலங்கை வானொலியை நான் தனியாகக் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் கேட்டேன், முடிதிருத்தும் கடையில் கேட்டேன், டீக்கடை பெஞ்சில் கேட்டேன். கே.எஸ்.ராஜாவுக்கு என்னைத் தெரியாது. ஆனால் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு என்னைத் தெரியும். ரசிகர் மன்றமும் அப்படித்தான். தலைவருக்குத் தெரு முனையில் கொடி கட்டும் பையனைத் தெரியாது. ஆனால் அவனோடு சேர்ந்து கயிறு பிடித்தவனுக்குத் தெரியும். அவன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மன்றத்துப் பையன்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். அந்தக் காலத்தில் மேலே போன பாசம் ஒருதலையாக இருந்தாலும், பக்கவாட்டில் இருந்த உறவு இரண்டு தலையும் உள்ளதாக இருந்தது.

இப்போது என்ன ஆயிற்று? ரேடியோ காதுக்குள் போய்விட்டது. ஒரே வீட்டில் நாலு பேர் நாலு அறையில் நாலு பேரைப் பார்க்கிறார்கள். நம் பிளாக்கிலேயே ஒரே யூடியூபரைப் பார்க்கும் பத்துப் பையன்கள் இருக்கலாம். அது ஒருவருக்கொருவர் தெரியாது. மேலே போகும் கயிறு அப்படியே இருக்கிறது. பக்கவாட்டுக் கயிறு அறுந்துவிட்டது.

இன்னும் இரண்டு வித்தியாசம் உண்டு. வானொலி அறிவிப்பாளர் எல்லோரையும் "நேயர்களே" என்றுதான் அழைத்தார். இன்று திரையில் வருபவர் "மக்களே" என்கிறார், "நண்பா" என்கிறார், "நம்ம குடும்பம்" என்கிறார். தன் வீட்டுச் சமையலறையைக் காட்டுகிறார், குழந்தையின் காய்ச்சலைச் சொல்கிறார், மனைவியோடு போட்ட சண்டையைச் சொல்கிறார். அண்ணன் என்று நினைக்காமல் என்ன செய்வான்? இரண்டாவது, எப்போதாவது பதிலும் வருகிறது. எழுதிய கருத்துக்கு ஓர் இதயக் குறி விழுகிறது. நேரலையில் பணம் கட்டினால் நம் செய்தி வண்ணத்தில் மேலே நிற்கும். 'சூப்பர் சாட்' என்று யூடியூப் 2017இல் கொண்டுவந்த வசதி இது. என் தங்கை மகன் முதல் முறை நாற்பது ரூபாய் கட்டியிருக்கிறான். அவர் இவன் பெயரை வாசித்து நன்றி சொன்னாராம். கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் கேட்டேன், "அப்புறம் எவ்வளவு கட்டினே?" அதற்கு அவன் பதில் சொல்லவில்லை.

திரையில் வருபவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்துக் காட்டும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' எல்லோருக்கும் தெரியும். 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். வெளியூர் விடுதியில் ஆறிப்போன சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு, அந்தத் தாத்தா விருந்து சமைப்பதைப் பார்த்தபடி சாப்பிடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவனுக்குக் கிடைப்பது சமையல் குறிப்பு இல்லை. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் சத்தம். அதைத் தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். டிடிஎஃப் வாசன் என்ற இளைஞரைத் தெரியாத பையன் இங்கே இருக்க மாட்டான். மோட்டார் பைக்கில் ஊர் ஊராகப் போய் வீடியோ போடுபவர். 2022இல் அவர் கோயம்புத்தூரில் ரசிகர்களைச் சந்திக்கிறேன் என்றதும் ஆயிரக்கணக்கில் பையன்கள் திரண்டார்கள். நாம் டிவியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டோம். 2023 செப்டம்பரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், நமக்குப் பக்கத்திலேயே காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் அருகே அவரது பைக் விபத்துக்குள்ளானது. கைது செய்யப்பட்டார். ஜாமீன் மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், பைக்கை எரித்துவிட்டு யூடியூப் சேனலை மூடலாம் என்கிற அளவுக்குக் கடுமையாகப் பேசியது. பிறகு நவம்பரில் ஜாமீன் கிடைத்தது. அவரது ஓட்டுநர் உரிமம் பத்து வருடத்துக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டது.

அவர் நல்லவரா கெட்டவரா என்பது இன்றைய பேச்சு இல்லை. அது சட்டம் பார்த்துக்கொள்ளும். கோயம்புத்தூருக்கு அத்தனை பையன்கள் ஏன் போனார்கள் என்பதுதான் என் கேள்வி. ஒருவரை அரை நிமிடம் பார்க்க மட்டும் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அறைக்குள் தனித்தனியாக இருந்தவர்கள், தன்னைப் போலவே இன்னொருவன் இருக்கிறான் என்று பார்க்கவும்தான் போயிருப்பார்கள். அறுந்துபோன பக்கவாட்டுக் கயிற்றைத் தேடிப் போனார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் மனிதர்கள் வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். உடன்குடியைச் சேர்ந்த ஜி.பி.முத்து, தனக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டியே பிரபலமானவர். 2022 அக்டோபரில் பிக் பாஸ் வீட்டுக்குள் போனார். லட்சக்கணக்கான பேர் அவருக்காகவே பார்த்தார்கள். பணமும் புகழும் வாசலில் காத்திருந்தன. அவரோ சில வாரம்கூடத் தாங்கவில்லை. பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டார். லட்சம் பேர் பார்ப்பது வேறு, தன் பிள்ளை பக்கத்தில் இருப்பது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் அதை மறந்துவிடுகிறோம்.

நான் படித்தது பி.காம். வணிகவியலில் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும். ஒற்றைப் பதிவில் கணக்கு எழுதும் கடைகளும் உண்டு. தினமும் எழுதலாம், அழகாகவும் எழுதலாம். ஆனால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் சரிபார்க்க எதிர்ப்பக்கம் இல்லை. திரை உறவு ஒற்றைப் பதிவு. நான்கு வருடம் அவன் நேரத்தையும் பாசத்தையும் எழுதிக்கொண்டே வந்தான். அவனுக்கு ஜுரம் வந்த அன்று அந்தக் கணக்கிலிருந்து ஒரு கஞ்சி எடுக்க முடியவில்லை. பக்கத்து அறைக்காரனோடு ஒருநாள் டீ குடித்திருந்தால் அது சின்னத் தொகைதான், ஆனால் இரட்டைப் பதிவு.

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்து, 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமை உணர்வு இருக்கிறது என்கிறது அந்த அறிக்கை. நாம் தனிமை என்றால் வயதானவர்கள் என்று நினைக்கிறோம். ஆனால் 13 முதல் 29 வயதுக்குள் இருப்பவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையாக உணர்வதாகச் சொல்கிறார்கள். தனிமையோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது மணிக்கு சுமார் நூறு. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தன. அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி, பூர்வீகம் நம் பக்கத்துக் கர்நாடகம், 2023இல் இதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகவே அறிவித்து ஆலோசனை அறிக்கை வெளியிட்டார்.

அமைச்சர் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். நம் ஊரில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அரக்கோணம் ரயிலால் வளர்ந்த ஊர். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. நம்மில் பாதிப் பேர் சீசன் டிக்கெட்டில் வாழ்ந்தவர்கள். சென்னைக்குப் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அதே பெட்டி, அதே இடம், அதே முகங்கள். ஒரு பக்கம் சீட்டாட்டம், ஒரு பக்கம் பஜனை, இன்னொரு பக்கம் அரசியல் சண்டை. என் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துச் சொன்னது அந்தப் பெட்டியில் பழகியவர். இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் யாராவது வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். இன்று அதே வண்டியில் ஏறிப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவரும் நிற்பவரும் காதில் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். ஒரு பையன் ஒரு வாரம் வராவிட்டால் எந்த முகத்துக்கும் தெரியாது.

2020க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை வந்தது. அந்த ரயில் பெட்டியும் போயிற்று. கூடப் படித்தவர்கள் சென்னை, பெங்களூரு, ஓசூர் என்று போய்விட்டார்கள். இவன் மட்டும் அப்பா அம்மாவுக்குத் துணையாக இங்கே இருக்கிறான். காலையில் கதவைச் சாத்தினால் இரவில் திறக்கிறான். நாமும் பிள்ளை நன்றாக வேலை பார்க்கிறான் என்று டீயை மேசையில் வைத்துவிட்டு வருகிறோம்.

வங்கியில் இருந்தபோது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பென்ஷன்தாரர் ஒருவர் வாரம் தவறாமல் பாஸ்புக்கில் வரவு வைக்க வருவார். புதிதாக ஒரு வரிகூட இருக்காது. "எதுவும் இல்லையே சார்" என்று திருப்பிக் கொடுப்பேன். "பரவாயில்லை" என்று சிரித்துவிட்டுப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவார். பிறகு பாஸ்புக் போட இயந்திரம் வந்தது. அவர் இரண்டு முறை வந்து இயந்திரத்தின் முன்னால் நின்றார். அப்புறம் வரவில்லை. எனக்கு வரிசை குறைந்தது என்று அன்று சந்தோஷம். அவர் வந்தது வரிக்காக இல்லை என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் புரிந்தது. இளம் வயதுக்காரர்களும் அதே மாதிரி ஏதோ ஒரு கவுண்டரில் வந்து நிற்கிறார்கள். நாம் "எதுவும் இல்லையே" என்று திருப்பிக் கொடுக்கிறோம்.

லிஃப்டில் ஒரு பையனைப் பார்த்தால் நாம் கேட்பது என்ன? "எங்க வேலை? என்ன சம்பளம்? எப்ப கல்யாணம்?" மூன்றும் மார்க் போடும் கேள்விகள். திரையில் இருக்கும் அண்ணன் இந்த மூன்றையும் கேட்பதில்லை. "எப்படி இருக்கீங்க மக்களே, சாப்பிட்டீங்களா?" என்கிறார். பதில் கேட்காமல் போனாலும் அந்தக் கேள்வியை அவர் கேட்கிறார். நாம் அதைக்கூடக் கேட்பதில்லை.

பாசம் பணமாக மாறும் இடத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். இது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். தினமும் பார்க்கும் முகம் சொன்னது என்பதற்காகப் பங்கு வாங்கியவர்கள் நம் பிளாக்கிலும் இருக்கலாம். பதிவு பெறாமல் முதலீட்டு யோசனை சொல்பவர்களோடு, பதிவு பெற்ற தரகர்களும் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களும் தொடர்பு வைக்கக் கூடாது என்று செபி 2024இல் விதி கொண்டுவந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைச் சிபாரிசு செய்தால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பிடித்தவர் சொன்னார் என்பது முதலீட்டுக்குக் காரணம் ஆகாது.

இனி, என் தங்கை மகன் கதையை முடிக்கிறேன். மறுநாள் காலை அவனிடம் போய், "நேத்து நான் சிரிச்சது தப்புடா. அந்த ஆளை எனக்கும் காட்டு" என்றேன். முதலில் தயங்கினான். அப்புறம் மொட்டை மாடியில் உட்கார்ந்து மூன்று வீடியோ பார்த்தோம். சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதர் நன்றாகவே பேசுகிறார். அன்று அலுவலகத்தில் நடந்தது, சாப்பிட்டது, படித்தது என்று நிதானமாகப் பேசிவிட்டு, நல்லாத் தூங்குங்க என்று சொல்லி முடிக்கிறார். அவ்வளவுதான்.

"இதுல என்னடா இருக்கு?" என்று கேட்டேன். அவன் சொன்னான்: "மாமா, அவர் தினமும் ராத்திரி பத்தரைக்கு வருவார். அந்த நேரத்துக்கு எனக்கு வேற யாரும் போன் பண்றதில்ல."

நானும் பண்ணியதில்லை. நான்கு வருடத்தில் ஒருநாள்கூட. பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பியிருக்கிறேன். அவ்வளவுதான் என் கணக்கில் இருக்கும் பதிவு.

இப்போது புதன்கிழமை இரவு பத்தரைக்கு அவனைக் கூப்பிடுகிறேன். முதல் இரண்டு வாரம் இருவருக்குமே என்ன பேசுவதென்று தெரியவில்லை. "சாப்டியா?", "சாப்ட்டேன் மாமா", அதோடு சரி. மூன்றாவது வாரம் அலுவலகத்தில் யாரோ திட்டியதைச் சொன்னான். போன வாரம் நான் மறந்துவிட்டேன். அவனே கூப்பிட்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் யூடியூப் பார்க்கிறான். பார்க்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒன்று. போனைப் பிடுங்காதீர்கள். இருக்கும் ஒரே கயிற்றை அறுத்துவிட்டு மேலே வா என்றால் எப்படி வருவான்? ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, குளிக்காமல், வேலைக்கோ கல்லூரிக்கோ போகாமல், நண்பர்கள் கூப்பிட்டாலும் வராமல் இருந்தால் அதை சோம்பேறித்தனம் என்று விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் செயல்படும் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. இந்த இரண்டு எண்களையும் லிஃப்டில் ஒட்ட வேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பராமரிப்பு பாக்கிப் பட்டியலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

கடைசியாக, கொஞ்சம் சங்கடமான விஷயம்.

கல்யாணம் ஆகாத பையன்களுக்கு வீடு வாடகைக்கு விடக் கூடாது என்று நாம் இதே கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இரவில் சத்தம் போடுவார்கள், குடிப்பார்கள், பெண் பிள்ளைகள் இருக்கும் இடம் என்றெல்லாம் காரணம் சொன்னோம். டயர் கம்பெனிக்கும், ரயில்வேக்கும், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷூ கம்பெனிகளுக்கும் வேலைக்கு வருகிற வெளியூர்ப் பையன்கள் ஏதோ ஒரு ஒற்றை அறையில் தங்கி, கதவைச் சாத்திக்கொண்டு திரையில் ஓர் அண்ணனைத் தேடுகிறார்கள். என் தங்கை மகனுக்கும் பெங்களூருவில் மூன்று குடியிருப்புகளில் வீடு இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே கை தூக்கியவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் என் கை நினைவுக்கு வந்தது.

அதனால் அந்தத் தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். சத்தத்துக்கும் குடிக்கும் விதி இருக்கட்டும். அது குடும்பஸ்தருக்கும் சேர்த்து இருக்கட்டும். ஒரு வருடம் சோதனையாகச் செய்வோம், கணக்கு சரியாக வராவிட்டால் திரும்பப் பேசுவோம். கூடவே, இரவு எட்டு மணிக்கே பூட்டிவிடும் மொட்டை மாடிக் கதவைப் பத்தரை வரைக்குமாவது திறந்து வைப்போம். அங்கே பெஞ்ச் போடும் செலவில் முதல் பங்கு என்னுடையது.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் பார்க்கும் அந்த அண்ணனையோ அக்காவையோ தொடர்ந்து பாருங்கள். வாரத்தில் ஒருநாள் மட்டும், அதைத் தனியாகப் பார்க்காமல் நம் கட்டடத்தில் இன்னொருவரோடு சேர்ந்து பாருங்கள். யாரும் கிடைக்காவிட்டால் நான் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறேன். பத்தரை மணிக்குத் தூங்கியிருக்க மாட்டேன். புதன்கிழமை மட்டும் லைன் பிஸியாக இருக்கும்.